கடைக் கணனியின் நாளேட்டுக்கு ஒரு விளக்கக் கொப்பி

இன்று எமது ஊர்களில் ஓரளவு வியாபாரம் நடக்கும் கடைகள் பலவற்றில் கணக்கு கணனியில்தான் எழுதப்படுகிறது. ஆனால் அந்தக் கணக்கை எப்படி எழுதுகிறோம், எப்படி எடுத்துப் பார்ப்பது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. அது கணக்கு எழுதும் தம்பியின் தலைக்குள் மாத்திரமே இருக்கிறது. அவர் கட்டாருக்குப் போனால் கடையின் கணக்கும் அவரோடு விமானம் ஏறிவிடுகிறது.

நாளேடு எமக்குப் புதிய விடயமல்ல. லூக்கா பசியோலி என்ற இத்தாலியத் துறவி 1494 இல் வெனிஸ் நகரில் அச்சான தனது கணித நூலில் வியாபாரிகளின் மூன்று புத்தகங்களை விளக்கினார். நடந்ததை நடந்தபடி குறிப்பது ஒன்று. அதை வரவு, செலவாகத் திகதி வரிசையில் எழுதும் நாளேடு இரண்டாவது. ஒவ்வொரு கணக்காகப் பிரித்து எழுதும் பேரேடு மூன்றாவது. இன்று பேரேட்டைக் கணனியே எழுதிக்கொள்கிறது. ஆகவே முதலாளி தினமும் பார்த்துச் சரிபிழை சொல்ல வேண்டியது நாளேட்டுப் பட்டியலைத்தான்.

நான் பாவிப்பது டாலி. 1986 இல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. அதில் 'டே புக்' என்ற பகுதி எல்லாப் பதிவுகளையும் பட்டியலாகத் தரும். அந்தப் பட்டியலைப் பார்க்கும் புதியவருக்கு மூன்று விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, டே புக்கைத் திறந்தவுடன் மாதம் முழுவதும் வராது. கடைசியாகப் பதிவு செய்த நாளே வரும். ஓல்ட் விசையுடன் எப்2 விசையை அழுத்தி, வேண்டிய திகதிகளைக் கொடுக்க வேண்டும். இது தெரியாதவர் பதிவுகள் அழிந்துவிட்டன என்று பதறுவார்.

இரண்டாவது, பின்திகதியிட்ட காசோலை. பின்திகதிப் பதிவு என்று குறித்து எழுதினால், அந்தத் திகதி வரும்வரை டாலி அதைக் கணக்கில் சேர்க்காது. வாடிக்கையாளர் செக் தந்திருந்தும் பாக்கி அப்படியே நிற்கும். சாதாரணப் பதிவாக எழுதினாலோ, செக் மாறுவதற்கு முன்பே பாக்கி தீர்ந்ததாகக் காட்டும். உங்கள் கடையில் எந்த முறை என்பது எழுத்தில் இல்லாவிட்டால், தந்தவரிடமே மீண்டும் கேட்டு மனக்கசப்பு வரும்.

மூன்றாவது, பதிவை 'டிலீட்' செய்தால் அது பட்டியலிலேயே இருக்காது. 'கென்சல்' செய்தால் தொகை நீங்கும், பதிவு பட்டியலில் நிற்கும். எடிட் லொக் வசதி உள்ள பதிப்புகளில் அழித்ததும் திருத்தியதும் பதிவாகும். யார் அழிக்கலாம், யார் அழிக்கக் கூடாது என்பதை முதலாளியே எழுதி வைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் மௌத்தானபோது, கணனியும் கடவுச்சொல்லும் பிள்ளைகள் கையில் இருந்தன. பட்டியலும் ஒழுங்காக வந்தது. அதில் 'கைமாற்று 2' என்ற பெயரில் பெருந்தொகை ஒன்று கொடுக்க வேண்டிய கடனாக நின்றது. அந்த ஆள் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. கடனை அடைத்த பின்னரே சொத்தைப் பிரிக்கலாம். வாப்பாவின் கடன் யாருக்கு என்று தெரியாமல் பிள்ளைகள் கடை கடையாக விசாரித்து அலைந்தார்கள். கடன் கொடுத்தவர் தானாக வந்து சொன்ன பின்னரே விடயம் தீர்ந்தது. ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ஆகவே ஒரு கொப்பியில் பின்வருவனவற்றை எழுதுங்கள்.

1. பட்டியலை எடுக்கும் படிகள். எந்த விசை, அதன் பின் எது என்று வரிசையாக.

2. பட்டியலில் வராதவை, அல்லது வேறு விதமாக வருபவை.

3. கடையின் வழக்கங்கள். ஒரே வாடிக்கையாளரைக் கடைப்பெயரில் ஒருநாள், சொந்தப் பெயரில் ஒருநாள் எழுதாமல் ஒரே பெயரில் எழுதுவது. சுருக்கப் பெயர் இருந்தால் அதற்குரிய முழுப்பெயர், ஊர்.

4. அன்றாடச் சரிபார்ப்பு. கணனி காட்டும் காசு மீதியும் லாச்சிக் காசும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பவர் யார், எத்தனை மணிக்கு.

5. கணக்கின் பிரதி எங்கே, எந்த நாளில் எடுக்கப்படுகிறது.

கடவுச்சொல்லை இதில் எழுத வேண்டாம். அதை நம்பிக்கையான இன்னோர் இடத்தில் வையுங்கள். மென்பொருளின் பதிப்பு மாறினால் விசைகளும் மாறலாம். அன்றே கொப்பியைத் திருத்தித் திகதி போடுங்கள்.

எழுதி முடித்த பின் ஒரு பரீட்சை இருக்கிறது. கணக்கில் கை வைக்காத ஒருவரிடம், உங்கள் மகனிடமோ மகளிடமோ கொப்பியைக் கொடுத்து, "கடந்த மாதம் 12ஆம் திகதிப் பட்டியலை எடுங்கள்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தில் உங்கள் கொப்பிக்கு இன்னும் இரண்டு வரி தேவை.