காகித நாடகம்

ஜப்பான் நாட்டில் குழந்தைக் காப்பகம் ஒன்றின் கூடம். மரக்கட்டைகள் இரண்டை ஒன்றோடொன்று தட்டும் ஓசை எழுகின்றது. அங்குமிங்கும் ஓடியாடிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியர் விரைந்து வந்து தரையில் அமர்கின்றனர். அவர்களுள் மூன்று வயதினரும் உளர். ஐந்து வயதினரும் உளர். எதிரே ஒரு சிறு மேசை. அதன்மேல் மரத்தாலான ஒரு சட்டம். அச்சட்டத்தின் முகப்பில் மூன்று சிறு கதவுகள். அருகே நிற்பவர் அன்று அக்காப்பகத்திற்கு விருந்தினராய் வந்த கதைக் கலைஞர். அவர் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கின்றார். தாயை எண்ணி அழுதுகொண்டிருந்த குழந்தையும் அழுகையை மறந்து நிமிர்ந்து பார்க்கின்றது. வண்ணப்படம் ஒன்று தோன்றுகின்றது, கதை தொடங்குகின்றது.

இக்கலையின் பெயர் கமிஷிபாய் என்பதாகும். ஜப்பானிய மொழியில் 'கமி' என்பது காகிதம். 'ஷிபாய்' என்பது நாடகம். ஆதலின் இதனைக் காகித நாடகம் என்று கூறுதல் பொருந்தும்.

இதன் அமைப்பு மிக எளியது. ஒரு கதைக்குரிய படங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு அல்லது பதினாறு தனித்தனி அட்டைகளில் வரையப்பட்டிருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிச் சட்டத்தினுள் வைப்பர். பன்னிரண்டு அட்டைகள் உள்ள கதையில், முதற் படத்திற்குரிய சொற்கள் பன்னிரண்டாம் அட்டையின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கும். கதைக் கலைஞர் அவற்றைப் படித்து முடித்து, முதல் அட்டையைப் பக்கவாட்டில் உருவிப் பின்னே செருகுவார். இரண்டாம் படத்திற்குரிய சொற்கள் அவ்வட்டையின் பின்புறத்தில் இருத்தலின், அவை இப்பொழுது அவர் கண்முன் வந்துவிடும். அட்டையை மெல்ல உருவினால் ஆவல் வளரும், சட்டென உருவினால் வியப்பு மிகும், பாதியளவில் நிறுத்தினால், "அடுத்து என்ன?" என்னும் வினா ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் எழும். இங்ஙனம் காட்சியை நடத்துவது கலைஞரின் கையே.

இக்கலை பிறந்த இடம் வகுப்பறையன்று, தெருவேயாகும். 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலக நாடுகள் பலவற்றை வாட்டியது. ஜப்பானிலும் பலர் வேலையிழந்தனர். அக்காலத்தில், 1930ஆம் ஆண்டளவில், டோக்கியோ நகரத்துத் தெருக்களில் கமிஷிபாய் தோன்றிப் பரவியது. வேலையற்றோர் பலர் மிதிவண்டியின் பின்புறத்தில் மரச்சட்டத்தையும் மிட்டாய்ப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றனர். மரக்கட்டை ஓசை கேட்டதும் குழந்தைகள் கூடுவர். மிட்டாய் விற்ற காசே கதைக்காரரின் ஊதியம். கதையை முடிக்காமல், "நாளை வருக" என்று சொல்லி அவர் அடுத்த தெருவிற்குச் செல்வார். காசு கொடுத்து மிட்டாய் வாங்கிய குழந்தைகளுக்கு முன்னிடம் கிடைத்தது. காசில்லாத குழந்தைகள் பின்னே ஒதுங்கி நின்று எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. கதைக்காரரும் வறியவர், பின்னே நின்ற குழந்தையும் வறிய குழந்தை. யாரை நோவது?

தெருவில் காட்டிய கதைகளுள் அச்சமூட்டுவனவும் தரம் குறைந்தனவும் இருந்தன. ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் கமிஷிபாயை ஐயத்தோடு நோக்கினர். எனினும், அதன் ஆற்றலை உணர்ந்த நல்லோர் சிலர் அதனை வெறுத்து ஒதுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குச் சமய வகுப்பு நடத்திய இமாய் யோனே என்னும் அம்மையார், 1933ஆம் ஆண்டளவில் விவிலியக் கதைகளை இம்முறையிலேயே சொல்லத் தலைப்பட்டார். புத்தக வெளியீட்டாளரான தகாஹாஷி கோசான், மழலையர் பள்ளிகளுக்கென்றே கமிஷிபாய்களை உருவாக்கி 1935ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். தெருவில் நின்ற கலை பள்ளியின் வாயிலைக் கடந்து உள்ளே வந்தது. அங்கே மிட்டாய் வாணிகம் இல்லை. காசுள்ள குழந்தை, காசில்லாத குழந்தை என்னும் வேற்றுமையும் இல்லை. அனைவரும் ஒரே தரையில் அமர்ந்து ஒரே கதையைக் கேட்டனர். இஃது அக்கலை பெற்ற முதல் உயர்வாகும்.

ஆயினும், அக்கலைக்குப் பெருந் தாழ்வும் நேர்ந்தது. 1937ஆம் ஆண்டில் ஜப்பான் சீனத்தோடு போர் தொடுத்தது. அப்போர் விரிந்து 1945 வரை நீண்டது. அவ்வாண்டுகளில் அரசின் போர்க் கொள்கையைப் பரப்பும் கருவியாகக் கமிஷிபாய் மாறிற்று. போருக்காகப் பணம் சேமித்தலும், நாட்டிற்காக உயிர் துறத்தலும், பகைவரை வெறுத்தலும் படக்கதைகளாயின. ஊர்களிலும் தொழிற்சாலைகளிலும் பெரியோர்க்குக் காட்டியதோடு அமையாது, சிறுவர்க்கும் அவற்றைக் காட்டினர். சட்டம் அதே சட்டம். மரக்கட்டையின் ஓசையும் அதே ஓசை. குழந்தைகள் முன்போலவே ஆவலோடு கேட்டனர். கேட்டதை அப்படியே நம்பினர். நம்புவது குழந்தையின் இயல்பு. அந்நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தியது பெரியோரின் குற்றமேயாகும்.

போர் முடிந்தபின் தெருக் கமிஷிபாய் மீண்டும் செழித்தது. ஆனால், 1953ஆம் ஆண்டில் ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. மக்கள் அப்புதுப் பொருளை 'மின்சாரக் கமிஷிபாய்' என்று அழைத்தனர். வீட்டிலேயே படம் தோன்றவே, தெருவில் கூட்டம் குறைந்தது. மிதிவண்டிக் கதைக்காரர்கள் மெல்ல மறைந்தனர். தெருவில் மங்கிய அக்கலையை மழலையர் பள்ளிகளும், குழந்தைக் காப்பகங்களும், நூலகங்களுமே வாழ வைத்தன. போர்க்காலத் தவற்றை உணர்ந்தோர் வாழ்வைப் போற்றும் கதைகளை ஆக்க முற்பட்டனர்.

அங்ஙனம் ஆக்கியோருள் மட்சுயி நோரிகோ அம்மையார் ஒருவர். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கமிஷிபாய் ஒன்றில் மிகச் சிறிய பன்றி ஒன்று தோன்றும். "பெரிதாகு" என்று குழந்தைகள் ஒருங்கே குரல் கொடுப்பர். அட்டை நகரும், பன்றி பெரிதாகி நிற்கும். தம் குரலாலேயே அது வளர்ந்தது எனக் குழந்தைகள் மகிழ்ந்து ஆரவாரிப்பர். அங்கே அவர்கள் கதையைக் கேட்போர் மட்டுமல்லர். கதையை நடத்துவோரும் ஆவர்.

தொலைக்காட்சிப் பெட்டி குழந்தையின் முகத்தைக் காணாது. ஒரு குழந்தை அஞ்சினாலும் அதன் கதை நில்லாது. கமிஷிபாய்க் கலைஞரோ சட்டத்தின் பின்னே மறையாமல் அருகிலேயே நின்று முகங்களைப் பார்க்கின்றார். அச்சம் கண்டால் குரலைத் தாழ்த்துகின்றார். மகிழ்ச்சி கண்டால் சற்றே நிறுத்திச் சிரிப்பிற்கு இடம் தருகின்றார். பேசாத குழந்தையும் தன்னை ஒருவர் கவனிக்கின்றார் என்று உணர்கின்றது. இன்று பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளின் பள்ளிகளிலும் இக்கலை பரவியுள்ளது. ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் உலகக் கமிஷிபாய் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

கதை முடிந்தது. காப்பகத்துக் கலைஞர் மூன்று கதவுகளையும் சாத்துகின்றார். சற்றுமுன் அழுத குழந்தை எழுந்து சென்று, சட்டத்தின் பின்னே என்ன இருக்கின்றது என்று எட்டிப்பார்க்கின்றது. அங்கே இருப்பவை வெறும் அட்டைகளே. அவ்வட்டைகளில் அன்பையும் எழுதலாம், பகையையும் எழுதலாம். குழந்தை இரண்டையும் ஒரே ஆவலோடு கேட்கும். ஆதலின், குழந்தைகள்முன் கதை சொல்ல நிற்பவர் எவராயினும், கதவைத் திறக்குமுன் தம் உள்ளத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுதல் கடமையாகும்.