வெளியே அனுப்பாதீர்கள் அம்மா!

கேள்வி: பிளஸ் டூ முடித்த எங்கள் மகன், தான் பெண் என்கிறான். ‘குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்தால் தலைநிமிர முடியாது, வெளியே போகட்டும்’ என்கிறார் கணவர். வைத்தியம் பார்த்தால் மாறுமா?
– ஒரு தாய், நெய்வேலி

மாறாது அம்மா. இது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் மனநோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை தருவது மருத்துவருக்கு ஒழுங்கீனம் என 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது.

சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினியையும் கோயில், டாக்டர், ஜோசியர் என்று அழைத்துப் போனார்கள். கடைசியில் வீட்டைவிட்டுச் சென்னைக்குப் போனார். எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பத்தில் அவருக்கென்று ஒரு பாலினக் கட்டம்கூட இல்லை, விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் போராடி 2015-ல் வென்றார். 2017-ல் எஸ்.ஐ. ஆனார். அந்தத் துணிச்சல் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது. வீட்டுக் கதவு சாத்தப்பட்டதால் படிப்பை விட்டு, கடை கடையாகக் கைநீட்ட நேர்ந்தவர்கள்தான் அதிகம்.

கணவரிடம் சொல்லுங்கள்: 2019-ம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் வீட்டில் வசிக்க மகளுக்கு உரிமை உண்டு, கட்டாயப்படுத்தி வெளியேற்றினால் சிறைத் தண்டனை. அரசு உதவிகளுக்குக் கடலூரில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நம் மாநிலத்தில் திருநங்கைகளுக்கு 2008-லிருந்தே நல வாரியம் இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். கல்லூரிச் சேர்க்கையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்து, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று கேளுங்கள்.