பெரிய இடத்துக் கொலையும், துணைபோகும் கைகளும்



ஓர் உயிரை அநியாயமாகப் பறிப்பது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பானது என்று அல்லாஹ் தஆலா எச்சரிக்கிறான் (அல்குர்ஆன் 5:32). மறுமையில் மனிதர்களுக்கிடையே முதலாவதாகத் தீர்க்கப்படும் வழக்கு, சிந்தப்பட்ட இரத்தத்தைப் பற்றியதுதான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

இவ்வளவு பாரதூரமான குற்றத்தை நாம் எப்படிப் பேசுகிறோம்? கொலைப்பழி ஏழை மீது என்றால், "தூக்கில் போடு" என்கிறோம். பணக்காரர் மீது என்றால், "பெரிய இடத்து விவகாரம், நமக்கேன் வம்பு" என்று எழுந்து போய்விடுகிறோம்.

நடந்தது என்ன?

நாம் எல்லோரும் அறிந்த ஒரு வழக்கு. சென்னை கே.கே.நகரில் 1981-ல் ஓட்டல் தொடங்கி, சரவண பவனை உலகமெங்கும் கிளை பரப்பியவர் பி.ராஜகோபால். ஏழைக் குடும்பத்தில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவர். தன் ஊழியர் ஒருவருடைய மகளான ஜீவஜோதியை மணக்க ஆசைப்பட்டார். அந்தப் பெண் ஏற்கனவே சாந்தகுமார் என்பவரின் மனைவி. அவர் மறுத்தார். கணவனும் மனைவியும் மிரட்டப்பட்டார்கள், கடத்தப்பட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் 2001 அக்டோபரில் மீண்டும் கடத்தப்பட்டார்கள். அம்மாத இறுதியில் சாந்தகுமாரின் உடல் கொடைக்கானல் அருகே பெருமாள்மலைக் காட்டுப் பகுதியில் கிடைத்தது. நம் தாராபுரத்திலிருந்து பழனி வழியாகக் கொடைக்கானல் போகிறவர்கள் கடந்து போகும் அதே பெருமாள்மலைதான். கேட்பாரற்ற பிணம் என்று அதை அடக்கமும் செய்துவிட்டார்கள்.

2004-ல் விசாரணை நீதிமன்றம் ராஜகோபாலுக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2009-ல் சென்னை உயர்நீதிமன்றம், இது கொலைதான் என்று சொல்லி ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உடல்நிலையைக் காட்டி மேலும் அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. ஜூலை 9-ஆம் தேதி ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தார். ஜூலை 18-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்துபோனார்.

இறந்தவரைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. பணத்தால் பதினெட்டு ஆண்டுகள் வழக்கை நடத்த முடிந்தது. மலக்குல் மவ்த் வந்தபோது ஒரு நொடி அவகாசம் வாங்க முடியவில்லை. ஆனால் இந்த வழக்கில் இதைவிட முக்கியமான படிப்பினை ஒன்று இருக்கிறது.

"முதலாளி சொன்னார், செய்தேன்"

பெரிய மனிதர் எவரும் தனியாகக் கொலை செய்வதில்லை. வண்டி ஓட்ட ஓர் ஆள், பிடித்து இழுக்க நான்கு ஆள், மூடி மறைக்க இன்னும் சிலர் வேண்டும். இந்த வழக்கிலும் ராஜகோபாலோடு அவருடைய ஆட்களும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ஓட்டல் லாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. குற்றத்தில் மட்டும் முழுப் பங்கு கிடைத்தது!

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரு சிறுவனைப் பலர் கூடிக் கொன்றார்கள். அத்தனை பேருக்கும் உமர் (ரலி) அவர்கள் மரண தண்டனை விதித்தார்கள். ஸன்ஆ நகரமே இதில் கூட்டுச் சேர்ந்திருந்தாலும் அனைவரையும் தண்டித்திருப்பேன் என்றார்கள் (புகாரி). பலர் சேர்ந்தால் பாவம் பங்கு போட்டுக் குறைந்துவிடாது.

மில்லில், கடையில், தோட்டத்தில், டிரைவராக வேலை பார்க்கும் சகோதரர்களே! சம்பளம் தருகிறவருக்கு உழைப்பைத் தாருங்கள், ஈமானைத் தராதீர்கள். படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படியக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல்.

குடும்பத்துக்காக வாதாடலாமா?

மதீனாவில் துஃமா என்பவர் ஒரு கவசத்தைத் திருடிவிட்டு, பழியை ஒரு யூதர் மீது போட்டார். துஃமாவின் குடும்பத்தார் திரண்டு வந்து, "எங்கள் ஆள் நல்லவர்" என்று நபி (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள். அப்போது அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதல் தொடர்ந்து வசனங்கள் இறங்கின என்று தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று அல்லாஹ் தடுத்தான். உலகில் இவர்களுக்காகப் பேசுகிறீர்கள், கியாமத் நாளில் அல்லாஹ்விடம் இவர்களுக்காகப் பேசப்போவது யார் என்றும் கேட்டான் (4:109).

சிந்தித்துப் பாருங்கள். முஸ்லிம் குடும்பத்துக்கு எதிராக, முஸ்லிமல்லாத ஒருவர் நிரபராதி என்று குர்ஆன் தீர்ப்புச் சொன்னது. திருடிய மக்ஸூம் குலத்துப் பெண்ணுக்காக உஸாமா (ரலி) பரிந்துரைத்தபோதும் நபி (ஸல்) அவர்கள் கோபப்பட்டார்கள். உயர்குலத்தார் திருடினால் விட்டுவிட்டு, எளியவர் திருடினால் தண்டித்ததே முந்தைய சமூகங்களை அழித்தது என்றார்கள் (புகாரி, முஸ்லிம்).

சாட்சியை மறைப்பவன்

வசதியானவர்களின் வழக்கு பெரும்பாலும் சாட்சிக் கூண்டில்தான் உடைகிறது. பணத்துக்கோ பயத்துக்கோ சாட்சிகள் மாறுகிறார்கள். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்கிறான் அல்லாஹ் (2:283). பெற்றோருக்கும் உறவினருக்கும், ஏன், உங்களுக்கே எதிராக அமைந்தாலும் நீதியில் நில்லுங்கள், சம்பந்தப்பட்டவர் பணக்காரரா ஏழையா என்று பார்க்காதீர்கள் என்றும் கட்டளையிடுகிறான் (4:135).

ஜீவஜோதி பின்வாங்கியிருந்தால் இந்த வழக்கு எப்போதோ முடிந்திருக்கும். கோடீஸ்வரருக்கு எதிராக, கணவனை இழந்த ஓர் இளம்பெண் உறுதியாக நின்றார். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்ற நபிமொழியை இங்கே நினைவுகூர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. அதை நாம் கையில் எடுக்கக் கூடாது. நம்முடைய வேலை மூன்று:

1. அநியாயத்துக்கு ஆள் போகாதீர்கள். வண்டி ஓட்டுவதும் பொய்க் கையெழுத்துப் போடுவதும் துணைபோவதுதான்.

2. குற்றம் செய்தவர் ஜமாஅத்தில் பெரிய புள்ளியாக இருந்தாலும், பள்ளிவாசலுக்கு அள்ளிக் கொடுப்பவராக இருந்தாலும், அவருக்காகக் காவல் நிலையத்துக்குச் சிபாரிசுக்குப் போகாதீர்கள். பாதிக்கப்பட்ட ஏழையிடம், "பேசி முடித்துக்கொள்" என்று காசைக் காட்டாதீர்கள்.

3. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். புகார் கொடுக்கப் பயப்படுகிறவருடன் காவல் நிலையம் வரை நான்கு பேராகப் போங்கள்.

அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அந்த உதவி என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (புகாரி). அந்தச் செல்வந்தரைச் சுற்றியிருந்தவர்களில் யாராவது அன்றே அவர் கையைப் பிடித்திருந்தால், ஓர் இளைஞரின் உயிர் தப்பியிருக்கும். அந்த முதலாளியும் கொலைகாரர் என்ற பெயரோடு போயிருக்க மாட்டார்.

யா அல்லாஹ்! அநியாயம் செய்வதிலிருந்தும், அநியாயத்துக்குத் துணைபோவதிலிருந்தும், அதைக் கண்டு வாய்மூடி இருப்பதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! உண்மைக்குச் சாட்சியாக நிற்கும் துணிவைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.