காசநோயும் நம் கடமையும்

காசநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவரில் பலர் நோயை மறைக்க முற்படுகின்றனர். சிப்பந்திக்கு இருமல் கண்டால், வேலை போய்விடுமோ என்று அவர் மறைக்கிறார். முதலாளிக்குக் கண்டால், வாடிக்கைக்காரர் விலகிவிடுவரோ என்று அவரும் மறைக்கிறார். மறைத்த நோய் வளரும், பிறருக்கும் பரவும்.

முன்னாளில், நல்ல காற்றும் சத்துணவும் முழு ஓய்வும் உள்ள சானடோரியத்தில் பல மாதங்கள் தங்கினாலன்றி இந்நோய் தீராது என்று நம்பினர். ஏழைகளுக்கு அது எட்டாக் கனி. ஆகவே 1956-ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார்.

நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தோர்க்கு நெருக்கடியான குடியிருப்பு, உணவும் குறைவு. எனினும் 1959-இல் வெளியான முடிவில், இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டு நோயாளிகளின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. நோயைத் தீர்ப்பது மருந்தே என்பது தெளிவாயிற்று.

ஆனால் அம்மருந்தை ஒழுங்காக உண்ண வேண்டுமே! இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. அதனால் சென்னையில் சிறுநீரைச் சோதித்தும், முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணியும் பார்த்தனர்.

நம் சிங்கப்பூரும் இத்துறையில் பங்கு கொண்டது. 1970-களில் அதே பிரிட்டிஷ் கழகத்துடன் சேர்ந்து இங்கு நடத்திய ஆராய்ச்சியில், ஆறு மாதம் மருந்துண்டவரைவிட நான்கு மாதத்தில் முடித்தவரிடையே நோய் மிகுதியாகத் திரும்பியது. கடனில் முக்கால் பங்கை அடைத்துவிட்டு மீதியை மறந்தவன் கதையே இது: எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும், மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறக்கூடும். இதனாலேயே 1997-இல் தொடங்கிய சிங்கப்பூர்க் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில், செவிலியர் முன்னிலையில் மாத்திரை விழுங்கும் முறை வலியுறுத்தப்பட்டது.

ஆகவே, மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் இவை கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்லல் வேண்டும். நோன்புக் காலமாயினும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவரைக் கலந்து கொள்க. நோயாளிக்குப் பின்னர்க் களாச் செய்யும் சலுகை மார்க்கத்தில் உண்டு.

முதலாளிமார்களுக்கு ஒரு சொல். சிப்பந்தி மருந்துக்குச் செல்லும் நேரத்தைக் கூலியில் பிடிக்காதீர்கள். மருத்துவர் அனுமதித்த பின் அவரை ஒதுக்காதீர்கள். விலக்கிவிடுவர் என்று அஞ்சுபவர் இருமலை மறைப்பார். அப்போது நோய் பரவுவது நம் கடையிலேயாம். அவர் அச்சமின்றி வந்து சொல்லும்படி நடந்து கொள்வது தருமமும் ஆகும், தற்காப்பும் ஆகும்.