கழுத்தில் தொங்கிய குச்சி
(அயர்லாந்து தன் மொழியை இழந்த கதை)

அயர்லாந்து நாட்டில் என்ன மொழி பேசுறாங்க? "இங்கிலீஷ்தான், இதுல என்ன சந்தேகம்?" என்பீர்கள். பாதி சரி. ஆனால் அந்த நாட்டு அரசியல் சட்டத்தை (1937) எடுத்துப் பார்த்தால் முதல் ஆட்சி மொழி ஐரிஷ், இரண்டாவதுதான் ஆங்கிலம் என்று இருக்கிறது. அந்த முதல் மொழியை வீட்டில் பேசுகிறவர்கள்தான் ரொம்பக் குறைவு. சொந்த நாட்டிலேயே ஒரு மொழி எப்படி இந்த நிலைக்கு வந்தது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மொழியைப் பற்றிக் கொஞ்சம். ஐரிஷ் என்பது ஆங்கிலத்தின் ஒரு வழக்கு இல்லை. அது கெல்டிக் இனத்தைச் சேர்ந்த தனி மொழி. ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்துக்கு ஓகம் என்று பெயர். இன்னொரு விசேஷம், அந்த மொழியில் 'யெஸ்', 'நோ' இரண்டுக்கும் தனிச் சொல்லே கிடையாது! "வந்தாயா?" என்று கேட்டால் "வந்தேன்" அல்லது "வரவில்லை" என்றுதான் பதில். நாமும் "சாப்டியா?" என்றால் "சாப்ட்டேன்" என்கிறோமே, அந்த மாதிரி. நமக்காவது 'ஆமாம்' இருக்கிறது, அவங்களுக்கு அதுவும் இல்லை.

ஆங்கிலேயர்கள் அயர்லாந்தில் கால் வைத்தது 12-ம் நூற்றாண்டில். வந்தவர்கள் கொஞ்ச நாளில் ஊர் மக்களோடு கலந்து ஐரிஷ் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலாந்து அரசுக்குக் கவலை வந்துவிட்டது. 1366-ல் கில்கென்னி என்ற ஊரில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆங்கிலேயர் யாரும் ஐரிஷ் பேசக் கூடாது, மீறினால் நிலம் பறிபோகும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தைக் காப்பாற்றப் போட்ட அந்தச் சட்டம் எழுதப்பட்டதே பிரெஞ்சு மொழியில்! சட்டம் சட்டமாகவே இருந்தது, மக்கள் ஐரிஷ் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

உண்மையான அடி 17-ம் நூற்றாண்டில் விழுந்தது. 1601-ல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்கள் தோற்றார்கள். 1607-ல் வடக்குப் பகுதித் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நிலத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். பிறகு கிராம்வெல் படையெடுப்பில் மிச்சம் இருந்த நிலமும் கைமாறியது. புலவர்களுக்குப் பொருள் கொடுத்து ஆதரித்த தலைவர்களே இல்லாமல் போனபோது புலவர்கள் என்ன செய்வார்கள்? அதன் பிறகு பண்ணையார், வக்கீல், நீதிபதி, அதிகாரி எல்லோருக்கும் ஆங்கிலம். ஐரிஷ் ஏழை விவசாயிகளின் மொழி. 1737-ல் நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் வந்தது. (இந்தச் சட்டம் வடக்கு அயர்லாந்தில் எவ்வளவு காலம் இருந்தது தெரியுமா? அதை நீக்க 2022-ல்தான் புதுச் சட்டம் போட்டாங்க!)

இவ்வளவு நடந்தும் 1800 வாக்கில் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐரிஷ் பேசியதாகக் கணக்கிடுகிறார்கள். ஆக, சட்டம் மட்டும் ஒரு மொழியை அழித்துவிடவில்லை.

1831-ல் அரசு ஆரம்பப் பள்ளிகள் வந்தன. ஏழைப் பிள்ளைகளும் படிக்கலாம், நல்ல விஷயம்தான். ஆனால் பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டில் ஒரு சொல் கூட ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கும் ஆங்கிலத்தில்தான் பாடம்! ஐரிஷை ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கவே 1870-களின் கடைசியில்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியே.

இப்போது குச்சிக்கு வருவோம். ஆஸ்கார் வைல்டு என்ற எழுத்தாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய அப்பா வில்லியம் வைல்டு ஒரு கண் டாக்டர். அவர் 1852-ல் வந்த தன் புத்தகத்தில், மேற்குப் பக்கத்துக் குடிசை ஒன்றில் பார்த்ததை எழுதியிருக்கிறார். எட்டு வயசுப் பையன் ஒருவன் தன் தங்கச்சியிடம் ஐரிஷில் ஏதோ சொன்னான். உடனே அப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பயந்து ஒடுங்கிப் போனான். அப்பா ஒன்றும் திட்டவில்லை. பையனைக் கிட்டே கூப்பிட்டார். அவன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய குச்சியை வெளியே எடுத்து, பேனாக்கத்தியால் ஒரு வெட்டு வெட்டினார். அவ்வளவுதான். ஐரிஷில் பேசும்போதெல்லாம் ஒரு வெட்டு. வெட்டுகள் இத்தனை என்று சேர்ந்ததும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எண்ணிப் பார்த்து அடி கொடுப்பார்.

உங்களுக்கு ஐரிஷ் பிடிக்காதா என்று அந்த அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டதாம். பிடிக்காமல் என்ன, என் அப்பன் பாட்டன் பேசிய பேச்சாயிற்றே, ஆனால் பிள்ளைகள் படிக்கணுமே, பள்ளியில் ஐரிஷ் இல்லையே, வேறு வழி என்ன என்ற மாதிரி சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த அப்பா மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. குச்சியை வெட்டியது வெள்ளைக்கார அதிகாரி இல்லை, பிள்ளையின் நன்மையை நினைத்த தகப்பன். அடித்த வாத்தியாரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான். மக்கள் தலைவர் டேனியல் ஓ'கானல் கூட ஐரிஷ் பேசி வளர்ந்தவர். ஆனாலும் லட்சக்கணக்கான பேர் கூடிய கூட்டங்களில் ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆங்கிலம் பயன்படும், அதனால் ஐரிஷ் மெல்லப் போவதில் வருத்தமில்லை என்பது அவர் கருத்து.

அப்புறம் வந்தது பெரும் பஞ்சம். 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள், இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள். 1841-ல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் 65 லட்சம். செத்தவர்களிலும் போனவர்களிலும் நிறையப் பேர் மேற்கிலும் தெற்கிலும் ஐரிஷ் பேசிய ஏழைகள். மிச்சம் இருந்தவர்களுக்கும் ஒன்று புரிந்துவிட்டது. பிள்ளை பிழைக்க வேண்டுமானால் அமெரிக்கா போகணும், அமெரிக்கா போக ஆங்கிலம் வேணும்.

1851-ல் முதல் தடவையாக மக்கள்தொகைக் கணக்கில் மொழியைக் கேட்டார்கள். ஐரிஷ் தெரிந்தவர்கள் 15 லட்சம். 1891-ல் 6 லட்சத்து 80 ஆயிரம். நாற்பதே வருடத்தில் பாதிக்கும் கீழே! பாட்டிக்கு ஐரிஷ் மட்டும் தெரியும், அம்மாவுக்கு இரண்டும் தெரியும், பேரனுக்கு ஆங்கிலம் மட்டும்தான். (நம்ம இடையன்குடி கால்டுவெல் பிறந்ததும் அயர்லாந்தில்தான், 1814-ல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு. ஐரிஷ் தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1856-ல்தான் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது.)

1893-ல் டக்ளஸ் ஹைடும் நண்பர்களும் கேலிக் லீக் என்ற சங்கத்தை ஆரம்பித்து ஊர் ஊராக ஐரிஷ் வகுப்பு நடத்தினார்கள். ஹைடு 1938-ல் நாட்டின் முதல் ஜனாதிபதியும் ஆனார். 1922-ல் தனி அரசு வந்ததும், பள்ளியால் போன மொழியைப் பள்ளியாலேயே திருப்பிக் கொண்டுவரலாம் என்று நினைத்தார்கள். ஐரிஷ் கட்டாயப் பாடம். அதில் பெயிலானால் பள்ளி இறுதித் தேர்வே பெயில், 1973 வரைக்கும் அப்படித்தான். (ஆசிரியர்கள் கோபிக்கக் கூடாது. கட்டாயம் என்று சொன்னாலே நமக்கு ஒரு கசப்பு வந்துவிடுகிறது, அங்கேயும் அதேதான்.) பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த பெக் சேயர்ஸ் என்ற கிழவியின் சுயசரிதை 1936-ல் வந்தது. அது பாடப்புத்தகமாகி, பல தலைமுறை மாணவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே அலறினார்களாம்! பாவம், அந்தப் பாட்டி அற்புதமாகக் கதை சொல்லக் கூடியவர். ஆனால் ஐரிஷில் எழுத வராது, ஏன்னா அவர் படித்த பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான். தன் கதையை அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினார்.

2022 கணக்குப்படி ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் கிட்டத்தட்ட 18 லட்சத்து 74 ஆயிரம் பேர். ஆனால் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரம்தான். டி.வி. சேனல் இருக்கு (1996 முதல்), ஊர்ப் பலகையில் இருக்கு, ஐரோப்பிய யூனியனில் 2007 முதல் ஆட்சி மொழி. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், வீட்டில் அம்மா அப்பா பேசுவது அதுதானே.

ஒரு இடத்தில் மட்டும் இது தலைகீழாக நடந்தது. வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடேயே இருந்துவிட்டது, அங்கே ஐரிஷ் கட்டாயம் எதுவும் கிடையாது. 1969-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஷாஸ் ரோடு என்ற தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த அம்மா அப்பாக்களுக்கு ஐரிஷ் தாய்மொழி இல்லை, வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டது. ஆனாலும் பிள்ளைகளோடு ஐரிஷில் மட்டும்தான் பேசுவது என்று முடிவு. 1971-ல் ஒரு ஆரம்பப் பள்ளியும் தொடங்கினார்கள். மொத்தம் 9 மாணவர்கள். அரசு உதவி 1984-ல்தான் கிடைத்தது, அதுவரை பெற்றோர்களே பணம் திரட்டிப் பள்ளியை நடத்தினார்கள்.