சிவப்பு வயர் எல்லாம் பேட்டரி வயர் அல்ல

பிக்கப் வாங்கியவர்கள் அதை வாங்கியபடியே ஓட்டுவது அபூர்வம். முதல் மாதமே முன்கண்ணாடியில் டேஷ்கேம் ஏறும். பிறகு பம்பரில் இரண்டு விளக்கு, ராத்திரியில் சரக்கு இறக்கப் பின்பாடியில் இன்னொன்று. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சாவி போட்டால் வேலை செய்ய வேண்டும், சாவியை எடுத்தால் நிற்க வேண்டும். அந்த இக்னிஷன் லைனை வண்டிக்குள் எங்கே பிடிப்பது என்பதில் ஆளுக்கொரு சாஸ்திரம் இருக்கிறது. அவற்றில் பாதி, கார்புரேட்டரோடு விடைபெற்றிருக்க வேண்டியவை.

தேடவே வேண்டாம் என்பவர்களிடமிருந்து தொடங்கலாம். “சின்ன கேமராதானே, நேரா பேட்டரியில கொடுத்துடுங்க.” கேமரா சின்னதுதான், 0.4 ஆம்பியர் போலத்தான் இழுக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்திய வண்டியைத் திங்கள் காலை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 60 மணி நேரம். 24 ஆம்ப்-ஹவர் காலி. 70 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. பேட்டரி பழையது என்றால் டீசல் எஞ்சினுக்கு செல்ஃப் அடிப்பது சந்தேகம். நிறுத்திய வண்டியிலும் கேமரா ஓட வேண்டும் என்பவர்களுக்கு, வோல்ட்டேஜ் இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் கிட் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் பொதுவாக டைரக்ட் லைன், இக்னிஷன் லைன், எர்த் மூன்றும் வேண்டும். ஆக, இக்னிஷன் லைனைத் தேடாமல் தப்பிக்க முடியாது.

அடுத்தது நிறம். “சிவப்புன்னா டைரக்ட்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள், வெளியில் வாங்கும் கார் ஸ்டீரியோவின் பின்பக்கத்தை ஒருமுறை பார்க்கலாம். அதில் எப்போதும் கரண்ட் கேட்கும் பேட்டரி வயர் மஞ்சள். சாவியோடு வந்து போக வேண்டியதுதான் சிவப்பு. அதே மஞ்சள் ஸ்டீயரிங்குக்கு அடியில் கனெக்டராகத் தென்பட்டால் அது ஏர்பேக்; கை வைக்கவே கூடாது. கம்பெனி போட்ட வயர்களின் நிறமோ தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நிறத்தைவிட எண்ணை நம்பலாம். ஜெர்மனியின் டின் 72552 தரத்தில் 30 என்றால் பேட்டரி பாசிட்டிவ், 15 என்றால் இக்னிஷன், 31 என்றால் எர்த், 50 என்றால் செல்ஃப். ரிலேயின் அடியில் குட்டியாகப் பொறித்திருக்கும் எண்கள் இந்தக் குடும்பம்தான்.

சாவியோடு வரும் லைனும் ஒன்றல்ல. ஏசிசி நிலையில் வருவது வேறு, ஆன் நிலையில் வருவது வேறு. செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில் ஏசிசி லைன் வழக்கமாக அறுந்து திரும்ப வரும். வண்டி எடுக்கும்போதெல்லாம் கேமரா அணைந்து எழுகிறதே என்று அதைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள், தாங்கள் பிடித்த லைனை ஒருமுறை பார்ப்பது நல்லது.

“மீட்டர்ல 12 காட்டுது, லைன் கரெக்ட்.” இது பாதி உண்மை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகாஓம். அது வயரிடம் கரண்டே கேட்பதில்லை என்று சொல்லலாம். பச்சை பூத்து ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட அதற்கு 12 வோல்ட் காட்டும். விளக்கை மாட்டியதும் படுத்துவிடும். பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப் கொஞ்சமாவது கரண்டை இழுத்துப் பார்ப்பதால், அதன் வெளிச்சம் மங்கினாலே லைன் பலவீனம் என்று தெரிந்துவிடும். ஆனால் அதே லேம்பை ஏர்பேக் வயரிலோ ஈசியூ வயரிலோ குத்துவது வம்பை விலைக்கு வாங்குவது. அங்கே மீட்டர்தான். ஏர்பேக் வயரிலோ அதுவும் வேண்டாம்.

ரொம்ப நாளாக உயிரோடு இருக்கும் நம்பிக்கை, தடிமனான இக்னிஷன் வயர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாவற்றையும் அதிலேயே கட்டிவிடலாம் என்பது. 55 வாட் ஹாலோஜன் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் போகும். வைப்பருக்கோ ஏசி புளோயருக்கோ அளந்து விட்ட லைன் அதைக் கூடுதலாகச் சுமக்கக் கடமைப்பட்டதல்ல. நான்கு கால் ரிலே இருக்கும்போது தடிமனான வயர் தேவையும் இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு, 85 எர்த்துக்கு, 86 இக்னிஷன் லைனுக்கு. 86-இல் ரிலேயின் காயில் கேட்பது 0.15 முதல் 0.2 ஆம்பியர். ஃபியூஸ் பாக்ஸின் சாதாரண லைன் ஒன்று அதைத் தாராளமாகக் கொடுக்கும். இக்னிஷன் லைன் உத்தரவு மட்டும் போடுகிறது; சுமையைப் பேட்டரி லைன் தூக்குகிறது. அமெரிக்காவில் ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்புகளில் இதற்கென்றே கம்பெனி தரும் ஸ்விட்ச் வரிசை உண்டு. 2017 மாடல் முதல் தலைக்கு மேல் ஆறு ஸ்விட்ச். நம்மூர் லோடு வண்டிகளில் அந்த ரிலேயை நாமேதான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

புஷ் பட்டன் வண்டிகளில் தடிமனான வயர் தேடும் வேலையே இல்லை. பட்டன் கம்ப்யூட்டருக்குச் சேதி மட்டும் அனுப்பும். பட்டனுக்குப் பின்னால் வயரை உரித்து டேப் சுற்றும் பழைய கைவேலை அங்கே வண்டியை ஸ்டார்ட் ஆகாமல் நிறுத்துவதில் முடியலாம்.

வயரை வெட்டாமல் லைன் எடுக்க வழி ஃபியூஸ் டேப். இருக்கும் ஃபியூஸைப் பிடுங்கி, இரட்டை ஃபியூஸ் பிடிக்கும் அந்த அடாப்டரைச் செருகினால் வேலை முடிந்தது என்பார்கள். எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதை யாரும் சொல்வதில்லை. ஃபியூஸை எடுத்ததும் இரண்டு துளைகள் தெரியும். சாவியை ஆன் செய்து டெஸ்ட் லேம்பால் தொட்டால் ஒன்றில்தான் எரியும். அடாப்டரில் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துளையில் இறங்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் எல்லாம் வேலை செய்யும், ஆபத்தே அதுதான். புது விளக்கின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சாவியை எடுத்த பிறகும் லேம்ப் எரிந்தால் உடனே டைரக்ட் லைன் என்று முடிவு கட்டக் கூடாது. சில ஃபோர்டு, ஷெவர்லே பிக்கப்புகளில் சாவியை எடுத்தும் பத்து நிமிடம் வரை, அல்லது கதவைத் திறக்கும்வரை, ரேடியோ லைன் உயிரோடிருக்கும்.

“ஃபியூஸ் அடிக்கடி போகுது, பெருசா போடு.” இதற்கு வாதமே வேண்டாம். ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காக்க அல்ல, வயரைக் காக்க. சிவப்பு 10 ஆம்பியர் இருந்த இடத்தில் மஞ்சள் 20 போட்டால், அடுத்து உருகப்போவது கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர். பேட்டரியிலிருந்து புதிதாக இழுக்கும் லைனுக்கு ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் பாடியில் உரசும் வயருக்குக் காவல் இல்லை.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெகட்டிவையும் நேராக பேட்டரி முனையில் மாட்டுவதே சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதைய பல வண்டிகளில் நெகட்டிவ் முனையிலேயே ஒரு கறுப்புச் சென்சார் உட்கார்ந்து, போகும் வரும் கரண்டைக் கணக்கெடுத்து ஆல்டர்னேட்டருக்குச் சொல்கிறது. அதைத் தாண்டி முனையில் மாட்டிய விளக்கு அந்தக் கணக்கில் வராது. வண்டியின் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு எர்த் போல்ட்டில் ரிங் டெர்மினல் வைத்து முறுக்கினால் போதும்; கம்பெனியின் சொந்த எர்த் வயர்கள் நான்கைந்து கூடியிருக்கும் இடத்தை வைத்தே அந்தப் போல்ட்டை அடையாளம் காணலாம்.