சாயம் போட்டால்தான் தெரியும்!



போன மாதம் அறிவியல் டீச்சர் வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணி மாதிரி இருந்தது, ஒண்ணும் சரியாத் தெரியலை. பிறகு ஒரு சொட்டு சாஃப்ரனின் விட்டார்கள். அடேயப்பா! செங்கல் அடுக்கின சுவர் போல செல்கள்! ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. அதுதான் உட்கரு.

உடனே எனக்கு எங்க அத்தை ஞாபகம் வந்தது. (அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அவங்க கழுத்தில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் அதிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். இதற்குப் பெயர் பயாப்சி. ரிசல்ட் வர பத்து நாள் ஆனது. “புற்றுநோயாத்தான் இருக்கும்” என்று தெருவே பேசியது. அத்தை சாப்பிடவே இல்லை. “ஒரு துண்டைப் பாக்க இத்தனை நாளா?” என்று பாட்டி திட்டினார்கள்.

ரிசல்ட் வாங்க அப்பாவோடு போனபோது லேப் அக்காவிடம் கேட்டேன். அவங்க சொன்னது இதுதான்:

1. திசு அழுகாமல் இருக்க ஃபார்மலினில் ஊற வைக்க வேண்டும்.
2. ஆல்கஹாலில் வைத்து அதிலுள்ள தண்ணீரை எடுக்க வேண்டும்.
3. மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் கருவியால் சீவ வேண்டும். ஒரு சீவல் சுமார் 5 மைக்ரான். 200 சீவலை அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர்!
4. மெழுகைக் கரைத்துவிட்டு இரண்டு சாயம் போட வேண்டும். ஹிமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும். இது மெக்சிகோ பக்கம் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுப்பது. இயோசின் சைட்டோபிளாசத்தை ரோஸ் ஆக்கும்.

புற்றுநோய் என்றால் உட்கருக்கள் பெரிசு பெரிசாக, ஒழுங்கில்லாமல், கருநீலமாகத் தெரியுமாம். அத்தையின் திசுவில் அப்படி இல்லை. செல்கள் கூட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் உட்கருவே இல்லாத ரோஸ் திட்டு. அங்கே செல்கள் செத்துப் போயிருந்தன. அது காசநோய்க் கட்டி என்று டாக்டர் சொன்னார். ஆறு மாத மாத்திரை, அரசாங்கத்தில் இலவசம். அத்தை இப்போது நாலாவது மாதம் சாப்பிடுகிறார்கள். கட்டி நன்றாகக் கரைந்துவிட்டது. ஆனாலும் மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது.

தோழிகளே, தோழர்களே! கண்ணால் பார்த்து “இது இன்ன நோய்” என்று தெருவில் சொல்லலாம். சாயம் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வீட்டில் யாருக்காவது கட்டி இருந்தால் மறைக்காதீர்கள், பச்சிலை வைத்துக் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி